மீண்ட பெந்தோட்டை, மாறிய பாசிக்குடா

2019 டிசம்பரில் பெந்தோட்டைக் கடற்கரையில் ஐம்பது வருடப் பழமைவாய்ந்த ஹோட்டல் ஒன்று புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. இலங்கையின் உலகப் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1969 இல் திறக்கப்பட்ட பெந்தோட்டை பீச் ஹோட்டலே அது. ஏனா டி சில்வாவின் பத்திக் துணிகளினால் ஆன அதன் மேல்விதானம் மீள உருவாக்கப்பட்டதும், கருங்கற் சுவர்களுக்கு நடுவில் இருந்த தடாகமும் அரலிய மரங்களும் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டதும் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் விரிவாக எழுதப்பட்டன. அவை வெறும் விளம்பரக் கட்டுரைகள் அல்ல. ஒரு நாடு தனது அண்மைக்கால வரலாற்றைச் சேர்ந்த கட்டிடம் ஒன்றை மதித்துப் பேணியிருக்கிறது என்ற உண்மையான மகிழ்ச்சி அவற்றில் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்வதில் எனக்கும் தயக்கம் எதுவும் இல்லை.

ஆனால், பெந்தோட்டையைப் பற்றிப் பேசுபவர்கள் பாசிக்குடாவைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே அரசாங்கத்தின் ஒரே திட்டத்தில் தென்மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் அக்கம்பக்கமாக எழுதப்பட்டிருந்தன என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. ஒன்று ஐம்பது வருடங்கள் வாழ்ந்து, முதுமையடைந்து, சிகிச்சை பெற்று எழுந்து நிற்கிறது. மற்றதற்குச் சிகிச்சை செய்வதற்கு உடலே எஞ்சவில்லை. பாசிக்குடாவில் இன்று வரிசையாக நிற்கின்ற ஹோட்டல்களைப் பார்த்துவிட்டு 'கிழக்கின் சுற்றுலா மீண்டெழுந்துவிட்டது' என்று எழுதுவது இலகு. மீண்டெழுந்தது எது, புதிதாக வந்து அமர்ந்தது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கடற்கரைக்குச் சென்று சும்மா இருப்பதற்காகப் பணம் செலவிடுவது எமது முன்னோர்களுக்குத் தெரியாத பழக்கம். பயணம் என்றால் அது கோயிலுக்கு, வியாபாரத்துக்கு அல்லது உறவினர் வீட்டுக்கு. கோயிலுக்குச் செல்பவர்களுக்கு மடங்கள் இருந்தன. செல்வச்சந்நிதியில் இருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்கின்ற பாத யாத்திரிகர்கள் இன்றும் கோயில் வீதிகளிலும் மடங்களிலும் படுத்துறங்கித்தான் செல்கிறார்கள். வெள்ளைக்கார உத்தியோகத்தர்களின் தேவைக்காக ஒரு நாள் பயணத் தூரத்துக்கு ஒன்றாக அமைக்கப்பட்டவையே 'ரெஸ்ட் ஹவுஸ்' என்ற விடுதிகள். அவற்றைத் தமிழில் 'வாடிவீடு' என்றழைத்தோம். அழகான சொல். கரையோரத்தில் மீனவர்கள் பருவத்துக்கு வந்து தங்குவதற்கும் கருவாடு போடுவதற்கும் அமைக்கின்ற கொட்டிலுக்கு 'வாடி' என்று பெயர். அந்த வாடியும் இந்த வாடிவீடும் சொல்லளவில் உறவினர்கள். இந்த உறவு பின்னர் என்னவாயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கொழும்பிலும் மலைநாட்டிலும் பெரிய ஹோட்டல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864 இல் தொடங்கப்பட்டது. ஆளுநர் தோமஸ் மெயிற்லாண்டின் மாளிகை நின்ற கல்கிசையில் 1877 இல் மவுண்ட் லவினியா ஹோட்டல் தோன்றியது. நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் 1891 இல் வந்தது. இவை எல்லாம் இன்றும் இயங்குகின்றன. காரணம், அவற்றைச் சுற்றிப் பணம் படைத்த ஒரு நகரமோ, தேயிலைத் தோட்டத்துரைமாரின் ஒரு சமுதாயமோ எப்போதும் இருந்தது. வெளிநாட்டவர் வராத காலத்தில் திருமண வைபவங்களைக் கொண்டாவது அவை பிழைத்துக்கொண்டன. வாடிவீடுகளுக்கு அந்த வசதி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பயணம் செய்தவர்கள் களப்பைப் பார்த்தபடி களைப்பாறிய ஆனையிறவு வாடிவீட்டை நினைவில் வைத்திருக்கின்ற முதியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டை ஒன்றுதான் அங்கு வாடிவீடாக மாற்றப்பட்டிருந்தது. 1991 இலும் 2000 இலும் ஆனையிறவில் நடந்த பெரும் சமர்களுக்குப் பிறகு வாடிவீடு இருந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்ட முடியும்.

இனித் திட்டத்துக்கு வருவோம். 1965 இல் பதவிக்கு வந்த டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் இராஜாங்க அமைச்சராக இருந்தவர் ஜே.ஆர்.ஜெயவர்தன. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் நம்பியிருந்த நாட்டுக்கு வெளிநாட்டுச் செலாவணி பெரும் பிரச்சினையாகியிருந்த வேளை அது. உல்லாசப் பயணத்துறையை நான்காவது ஏற்றுமதியாக்கலாம் என்று நினைத்தவர்களில் ஜே.ஆர். முக்கியமானவர். 1966 இல் இலங்கை உல்லாசப் பயணச் சபையும் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனமும் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டன. அந்த வருடம் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் மொத்த எண்ணிக்கை 18,969 மாத்திரமே. ஹொனலூலுவைச் சேர்ந்த ஆலோசனை நிறுவனம் ஒன்று 1967 தொடக்கம் 1976 வரையிலான பத்து வருடத் திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்தது. கொழும்பு நகரம், தென்மேற்குக் கரை, கிழக்குக் கரை, மலைநாடு, புராதன நகரங்கள் என்று ஐந்து வலயங்கள் அதில் வகுக்கப்பட்டன.

கிழக்குக் கரை அந்தப் பட்டியலில் இடம்பெற்றது தமிழர்களைத் திருப்திப்படுத்துவதற்காக அல்ல. அதற்குக் காற்றே காரணம். சோளகம் வீசுகின்ற மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் கடல் கொந்தளிக்கும். குளிப்பது ஆபத்து. அதே மாதங்களில் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் கடல் குளம் போலக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். கிழக்கு மழையில் நனையும், தெற்கு வெயிலில் காயும். சிறிய தீவொன்றின் இரு பக்கங்களிலும் மாறி மாறிப் பருவம் வருவதால் வருடம் முழுவதும் கடற்கரையை விற்கலாம் என்பது எந்த ஆலோசகரும் கண்டுபிடிக்கத் தேவையில்லாத விடயம். எமது மீனவர்கள் அதை நூற்றாண்டு காலமாக அறிவார்கள். மேற்குக் கரை மீனவர்கள் சோளகக் காலத்தில் கிழக்குக்கு வந்து வாடி போடுவதும் அதே காற்றின் கணக்குத்தான். உல்லாசப் பயணச் சபை செய்தது அந்தக் கணக்கை ஹோட்டல் கட்டிலுக்குப் பொருத்தியதே.

பெந்தோட்டை முதலில் எழுந்தது. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டை இருந்த மேட்டில் பாவாவின் ஹோட்டல் கட்டப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலம் என்பதால் உள்ளூர்க் கல், உள்ளூர் மரம், உள்ளூர் ஓடு ஆகியவற்றைக்கொண்டே வேலை நடந்தது. உட்புறத்துக்கான துணிகளை பார்பரா சன்சோனியின் கைத்தறிகள் தந்தன. பற்றாக்குறைதான் அந்தக் கட்டிடத்துக்கு அழகைக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது. ஹோட்டலை மட்டும் கட்டாமல் கடைத்தொகுதியையும் புகையிரத நிலையத்தையும் சேர்த்து ஒரு சிறிய ஊராகவே அந்தத் திட்டம் வரையப்பட்டது.

பாசிக்குடாவின் பெருமை வேறுவிதமானது. பெயரே சொல்கிறது: பாசி படர்ந்த குடா. பக்கத்தில் கல்குடா. பிறை வடிவில் வளைந்து கிடக்கின்ற அந்தக் கரையில் இறங்கிக் கடலுக்குள் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. நீச்சல் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கடல் இல்லை. 1928 இல் மட்டக்களப்புக்குப் போடப்பட்ட புகையிரதப் பாதையில் கல்குடாவுக்கென்று ஒரு நிலையமும் இருந்தது. 1970 களில் இங்கும் விடுதிகள் எழுந்தன. மேற்கு ஜேர்மனியில் இருந்து கூட்டம் கூட்டமாக வந்த பயணிகள் மே மாதத்துக்குப் பிறகு கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளியில் கிளப் ஓஷியானிக், அதற்கு அப்பால் நிலாவெளி பீச் ஹோட்டல் என்று ஒரு தொடர் உருவாகியது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் தொழிலாளர்களும் மட்டக்களப்புப் பாடசாலைகளின் மாணவர்களும் சுற்றுலா செல்கின்ற இடமாகவும் பாசிக்குடா இருந்தது. அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரிய கரையாக அன்று இருக்கவில்லை.

அன்றைய நிலையைப் பொற்காலம் என்று வர்ணிப்பதும் சரியல்ல. 'உல்லாசம்' என்ற சொல்லையே எமது மக்கள் சந்தேகத்துடன்தான் பார்த்தார்கள். அரைகுறை ஆடையுடன் வெள்ளைக்காரர்கள் படுத்துக்கிடக்கின்ற இடத்தில் தமது பிள்ளைகள் வேலை செய்வதைப் பெற்றோர் விரும்பவில்லை. ஹிக்கடுவையில் நடந்தவை பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகள் அந்தப் பயத்தை நியாயப்படுத்தின. விடுதிகளும் கிராமத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கட்டப்பட்டன. வாசல் கடலைப் பார்த்தது, வேலி ஊரைப் பார்த்தது. தொழில் தெரிந்தவர்கள் என்று தெற்கில் இருந்தே பெரும்பாலான ஊழியர்கள் கொண்டுவரப்பட்டார்கள். இந்தக் குறை அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கெட்ட காலம் வந்தபோதுதான் தெரிந்தது.

முதல் அடியைக் கொடுத்தது காற்றுத்தான். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கானோரைப் பலியெடுத்தது. தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. கடற்கரை விடுதிகளுக்கு நிழல் கொடுத்த மரங்களும் அவற்றுள் அடங்கும். அந்த அடியில் இருந்து கிழக்கு எழுந்துவிட்டது. 1982 இல் நாட்டுக்கு 407,230 உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 16 வருடங்களில் இருபது மடங்குக்கும் மேலான வளர்ச்சி. அடுத்த வருடம் ஜூலையில் கொழும்பு எரிந்தது. எரிகின்ற தமிழர் கடைகளையும் வீதியில் கிடந்த சடலங்களையும் பார்த்த உல்லாசப் பயணிகள் தமது நாடுகளுக்குச் சென்று சொன்னதை எந்த விளம்பரத்தாலும் அழிக்க முடியவில்லை. 1983 இன் எண்ணிக்கை 337,530. வருடத்தின் முதற்பாதி நன்றாக இருந்ததால்தான் அந்த அளவிலாவது நின்றது. 1987 இல் அது 182,620 ஆகச் சரிந்தது.

தெற்கிலும் ஹோட்டல்கள் அல்லற்பட்டன என்பதை மறுக்க முடியாது. ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சிக் காலத்தில் பெந்தோட்டையிலும் அறைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆனால் அங்கு கட்டிடங்கள் நின்றன. கிழக்கை இழந்தமை தெற்கின் ஹோட்டல்களுக்கே ஒரு தண்டனையாக அமைந்தது என்பது அதிகம் பேசப்படாத விடயம். வருடம் முழுவதும் விற்கலாம் என்று வகுத்த திட்டம் பாதியாக முறிந்ததால், ஆறு மாதங்களில் உழைப்பதைக்கொண்டு பன்னிரண்டு மாதங்கள் கடனைக் கட்ட வேண்டிய நிலைக்கு அவை தள்ளப்பட்டன. பருவமில்லாத மாதங்களில் ஊழியர்களை நிறுத்துவதும், பராமரிப்பைத் தள்ளிப்போடுவதும், அறையை அடிமாட்டு விலைக்கு விற்பதும் வழக்கமாகின. இலங்கை 'மலிவு விலைக் கடற்கரை' என்று ஐரோப்பாவில் பெயரெடுத்தது இப்படித்தான். போர் வடக்கு கிழக்குக்கு வெளியே உள்ள பொருளாதாரத்தையும் எப்படி அரித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பாசிக்குடா விடுதிகள் 1980 களின் இறுதிக்குள் செயலிழந்துவிட்டன. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பிறகு அங்கு செல்வது பற்றி எவரும் நினைத்தும் பார்க்கவில்லை. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டு வீதித்தடைகள் தளர்த்தப்பட்டதும் கிழக்குக்குச் சென்ற பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். கூரையற்ற மண்டபங்களுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. நீச்சல் தடாகத்தில் மழைநீர் தேங்கிப் புல் முளைத்திருந்தது. கதவு, யன்னல், ஓடு, குழாய் எதுவுமே இல்லை. அவற்றைக் கழற்றிச் சென்றவர்களில் கொள்ளையர்களும் இருந்திருப்பார்கள், இடம்பெயர்ந்து வந்து தலைக்கு மேல் கூரை தேடியவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டாமவர்களை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. சூடுபட்ட சுவர்களுக்கு முன்னால் கடல் மட்டும் மாறாமல், அதே இடுப்பளவு ஆழத்துடன் கிடந்தது. மட்டக்களப்பில் இருந்து மோட்டார் சைக்கிள்களில் வந்த இளைஞர்கள் அதில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் பாசிக்குடாவை அன்றுதான் முதற்தடவையாகப் பார்க்கிறார்கள் என்பதை அறிந்தபோது மனம் கனத்தது.

2003 இலும் 2004 இலும் நாட்டுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. கிழக்குக்கு மீண்டும் பயணிகளை அனுப்பலாமா என்று நிறுவனங்கள் விசாரிக்கத் தொடங்கிய நிலையில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்தது. சூறாவளியும் போரும் விட்டுவைத்ததை அது கொண்டுசென்றது. போர்க்காலத்தின் பெரும்பகுதியிலும் எப்படியோ விளக்கை அணைக்காமல் வைத்திருந்த நிலாவெளி பீச் ஹோட்டலும் அலையில் சிதைந்தது. பின்னர் அது திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. உப்புவெளியின் கிளப் ஓஷியானிக்கும் போருக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டு, முதலில் சாயா புளூ என்றும் பின்னர் ட்ரிங்கோ புளூ என்றும் பெயர் மாறி இயங்கிவருகிறது. பழைய ஹோட்டல் ஒன்று அதே மண்ணில் தொடர்ந்து உயிர்வாழ்வது என்றால் கிழக்கில் இவற்றைத்தான் சுட்டிக்காட்டலாம்.

பாசிக்குடாவில் நடந்தது அதுவல்ல. 2007 ஜூலையில் கிழக்கு முழுவதும் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. கொழும்பில் இருந்த நிறுவனங்களுக்குப் பிறை வடிவக் கரையின் காணிகள் துண்டுதுண்டாகக் குத்தகைக்கு வழங்கப்பட்டன. எஞ்சியிருந்த பழைய சுவர்கள் வீழ்ந்தன. 2011 இல் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய ஹோட்டல்கள் திறக்கப்பட்டன. முதலாவதாகத் திறக்கப்பட்டவற்றுள் ஒன்றின் பெயர் 'மாலு மாலு'. சிங்களத்தில் 'மீன், மீன்' என்று பொருள். மீனவக் கிராமம் ஒன்றின் சாயலில், வாடிகளை நினைவூட்டும் விதத்தில் அதன் குடில்கள் அமைக்கப்பட்டன. கட்டிட வேலை என்ற வகையில் அது நேர்த்தியானதுதான்.

அதே காலத்தில் அந்தக் குடாவின் உண்மையான வாடிகளுக்கு என்ன நடந்தது? தலைமுறை தலைமுறையாக வள்ளங்களை இழுத்துவிட்ட, வலை காயப்போட்ட கரை ஹோட்டல்களின் முன்றிலாக மாறியதும் மீனவர்கள் கரையின் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டார்கள். கரை அரசாங்கத்துக்குச் சொந்தமானது, எவரும் நடக்கலாம் என்பது சட்டம். நடப்பதற்கும் வள்ளம் விடுவதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டைச் சட்டப் புத்தகம் அறியாது. கரைவலை இழுப்பதற்கு நீண்ட கரை வேண்டும். காலையில் முப்பது பேர் சேர்ந்து வலை இழுக்கின்ற இடமும், சாய்வு நாற்காலி போடுகின்ற இடமும் ஒன்றாக இருக்க முடியாது என்பது குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களுக்குத் தெரியாத விடயமா? வாடி என்ற சொல்லின் இரண்டு உறவினர்களில் ஒருவர் மற்றவரை வீட்டைவிட்டு அனுப்பிய கதை இது.

வேலைவாய்ப்புப் பற்றிக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளும் முழுமையாக நிறைவேறவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் தோட்டத்திலும் காவலிலும் துப்புரவுப் பணியிலும். சமையற்கட்டிலும் வரவேற்பு மேசையிலும் முகாமையிலும் வெளியூரவரே அதிகம். முழுப்பழியையும் ஹோட்டல்காரர்கள் மீது போட்டுவிடவும் முடியாது. முப்பது வருடப் போர் ஆங்கிலமும் தொழிற்பயிற்சியும் பெற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறையை அழித்துவிட்டது. 'ஹோட்டலில் வேலை' என்றால் பெண்ணின் திருமணம் தடைப்படும் என்ற பயம் மட்டக்களப்புக் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. எமது சமூகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட இந்த வேலியைப் பற்றி நாம் பேசாமல், வெளியே இருந்து போடப்பட்ட வேலியை மட்டும் பேசிக்கொண்டிருப்பது நேர்மையாகாது.

வடக்கிலும் இதன் சாயல் உண்டு. 1990 இல் மக்கள் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக் கடற்கரையில் போருக்குப் பிறகு முதலில் எழுந்த உல்லாச விடுதி இராணுவத்தினால் நடத்தப்படுகின்ற தல்செவன. தங்களது சொந்தக் காணிகளைப் பார்ப்பதற்கு அனுமதி கிடைக்காமல் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி முகாம்களில் இருந்த மக்கள், தெற்கில் இருந்து வந்த பேருந்துகள் அந்தப் பாதையால் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருகோணமலையில் மார்பிள் பீச் விமானப்படையிடம் இருக்கிறது. இதைத் தமிழர் பிரச்சினை என்று மாத்திரம் விளங்கிக்கொள்வதும் தவறு. அம்பாறை மாவட்டத்தின் தெற்கு எல்லையில் உள்ள பாணமையில் 2010 ஜூலையில் குடிசைகள் எரிக்கப்பட்டு வெளியேற்றப்பட்ட விவசாயிகள் சிங்களம் பேசுபவர்கள். அவர்களின் காணியிலும் படையினரின் முகாமும் சுற்றுலா விடுதியும் வந்தன. கடற்கரைக்கு விலை ஏறும்போது அங்கு வாழ்கின்ற ஏழை எந்த மொழி பேசுகிறான் என்பது இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது.

பாணமைக்குச் சற்று வடக்கே, பொத்துவில்லை அடுத்துள்ள அறுகம்குடாவின் அனுபவம் இந்த விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து வருடத் திட்டத்தின் பெரிய ஹோட்டல்கள் அங்கு வரவில்லை. அலைச்சறுக்கு விளையாட வந்த வெளிநாட்டு இளைஞர்களுக்குக் குடும்பங்கள் தமது வளவில் ஓலைக் கொட்டில் போட்டு வாடகைக்குக் கொடுத்ததில் தொடங்கியது அந்தத் தொழில். போர்க் காலத்திலும் துணிந்து வந்த சிலர் இருந்தார்கள். ஆழிப்பேரலை உல்லை கடற்கரையைத் துடைத்தெறிந்தது. ஆனால் கொட்டில் போட்டவன் தனது கொட்டிலைத் தானே மீண்டும் போட்டுக்கொண்டான், பழைய வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் இருந்து பணம் சேர்த்து அனுப்பினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்ற அந்தப் பிரதேசத்தில் பிரச்சினைகள் இல்லாமல் இல்லை. காணித் தகராறுகளும் உண்டு, அண்மைக்காலத்தில் வெளிநாட்டவர் தாமே கடை நடத்துவது பற்றிய முறைப்பாடுகளும் உண்டு. ஆனாலும் அங்கு மீண்டெழுந்தவர்கள் முன்னர் அங்கு இருந்தவர்கள். பாசிக்குடாவில் மீண்டெழுந்தது இடத்தின் பெயர் மட்டுமே.

பெந்தோட்டையின் வெற்றியையும் இந்த இடத்தில் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். பாவாவின் வரைபடங்கள் பேணப்பட்டிருந்தன. அவரிடம் பணியாற்றிய சன்ன தஸ்வத்த போன்றவர்கள் புனரமைப்பை வழிநடத்துவதற்கு இருந்தார்கள். ஏனா டி சில்வா 2015 இல் காலமான போதிலும் மாத்தளை அலுவிஹாரையில் அவர் வளர்த்தெடுத்த பட்டறையும் பெண்களும் இருந்தார்கள். கொழும்பில் இருந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலப் பயணம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர் மக்கள் ஐம்பது வருடங்களும் அந்த ஊரிலேயே இருந்தார்கள். தகப்பன் பரிமாறிய மேசையில் மகன் பரிமாறலாம். கொழும்பில் இருந்து முந்நூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ள பாசிக்குடாவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அங்கு தகப்பன் எங்கே என்பதே பல வீடுகளில் விடை கிடைக்காத கேள்வி.

பெந்தோட்டை ஹோட்டல் மீளத் திறக்கப்பட்டு நான்கு மாதங்கள் கழியுமுன்னர் கொவிட் காரணமாக விமான நிலையங்கள் மூடப்பட்டன. அதற்கு முந்திய ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் கொழும்பின் ஹோட்டல்களையும் மட்டக்களப்பின் சியோன் தேவாலயத்தையும் ஒரே காலைப் பொழுதில் தாக்கியிருந்தன. 2018 இல் 2,333,796 ஆக இருந்த பயணிகளின் தொகை 2020 இல் 507,704 ஆக வீழ்ந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருள் இல்லாத நாட்டில் மட்டக்களப்புக்கு எவர் செல்வார்? 2024 இல் எண்ணிக்கை மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் வருபவர்களில் பெரும்பாலானோர் இன்றும் தெற்கிலும் மலைநாட்டிலும் சுற்றிவிட்டுச் சென்றுவிடுகிறார்கள். பாசிக்குடாவின் பெரிய ஹோட்டல்கள் வாடைக் காலத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. 1967 இல் வரைந்த காற்றுக் கணக்கு இன்னமும் முழுமையாகச் செயற்படவில்லை.

அந்தக் கணக்கில் அன்றைய ஆலோசகர்கள் கனவிலும் எண்ணியிராத ஒரு புதிய வரவு இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பாடசாலை விடுமுறை ஜூலையிலும் ஓகஸ்டிலும் வருகிறது. கிழக்குக் கரையின் பருவமும் அதுவே. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகின்ற குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் செல்வது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அவர்களில் சிலர் அந்த மண்ணை விட்டுப் போனவர்கள். ஹோட்டலில் காலை உணவுக்கு இடியப்பமும் சொதியும் கேட்கிறார்கள். கல்குடாவில் தமது வீட்டின் ஓர் அறையை ஒதுக்கி விருந்தினருக்குக் கொடுக்கின்ற குடும்பங்களும் உண்டு. சுவரில் கட்டிய கொடியில் வலை காயும், முற்றத்தில் விருந்தினரின் காற்சட்டை காயும். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்வது அந்த ஊர் மீனவர்களின் இயந்திரப் படகுகள்தான். 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறிய தீவுக்குப் போய்வருகின்ற படகுக் கூலி அவர்களின் வீட்டுக்குச் செல்கிறது. காலையில் கடற்றொழில், பத்து மணிக்குப் பிறகு பயணிகள். பாசிக்குடாக் கரையின் மூலையில் ஒதுங்கி நிற்கின்ற வள்ளங்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொடுப்பதற்குப் புதிதாக ஒரு பத்து வருடத் திட்டம் தேவையில்லை. குத்தகைகள் புதுப்பிக்கப்படும்போது கரைவலைக்கென்று சில நூறு மீற்றர் கரையை வரைபடத்தில் குறித்து, அதைப் பிரதேச செயலகத்தின் சுவரில் தமிழில் ஒட்டிவைத்தால் போதும்.